கையைப் பார்த்து எடை போடுங்கள்: சேகரிப்புக் கூலிங் கிளாஸ்களின் கைகளை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் பழைய பைலட் கண்ணாடி ஒன்றைப் படத்தை மட்டும் நம்பி வாங்கினேன். லென்ஸில் ஒரு கீறல் இல்லை, முன்சட்டம் புத்தம் புதிதுபோல் மின்னியது. வீட்டுக்கு வந்ததும் மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஒரு கால் குட்டையான நாற்காலிபோல் ஆடியது. லூப் என்ற சிறு உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், காதில் மாட்டும் இடது கையின் உட்புறம் பொறித்திருந்த நீளம் 135, வலது கையின் உட்புறம் 140. யாரோ உடைந்துபோன இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்றிருந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கண்ணாடி கைக்கு வந்தாலும் நான் முதலில் விரித்துப் பார்ப்பது அதன் கைகளைத்தான்.

கண்ணாடிக் கடைகளில் இதை டெம்பிள் என்பார்கள், சைடு என்பவர்களும் உண்டு. ஓக்லி சேகரிப்பவர்கள் அந்த நிறுவனம் பழக்கிவிட்ட இயர்ஸ்டெம் என்ற சொல்லை விடவே மாட்டார்கள். இந்தக் கட்டுரையில் கை என்றே எழுதுகிறேன். இடது, வலது என்று சொல்வதெல்லாம் கண்ணாடியை அணிந்திருப்பவரின் இடது வலதுதான். விளம்பரங்களில் இது அடிக்கடி தலைகீழாகிவிடும், கவனம்.

லென்ஸை மாற்றலாம், முன்சட்டத்தை மெருகேற்றலாம். பழுது பார்ப்பவர்களும் போலி செய்பவர்களும் உழைப்பைக் கொட்டுவது அங்கேதான். கையின் உட்புறத்தையும் கீலையும் நுனியையும் அந்த அளவுக்கு யாரும் கவனிப்பதில்லை. அதனால் ஒரு கண்ணாடியின் வயது, அது எங்கே பிறந்தது, எத்தனை கை மாறியது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் அழியாமல் கிடக்கும்.

மேசையைத் தயார் செய்யுங்கள்

அதிகம் எதுவும் தேவையில்லை. வெள்ளைத் தாள், கூரான பென்சில், மில்லிமீட்டர் அளவுகோல், நுணுக்கமாக அளக்க ஒரு வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், சிறிய காந்தம், கிராமில் ஒரு தசமம் காட்டும் தராசு, சமமான ஒரு கண்ணாடிப் பலகை. ஒப்பிட வேண்டிய இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் வையுங்கள். நேற்றுப் பார்த்ததை இன்று நினைவில் வைத்து ஒப்பிடுவது நடக்காத காரியம். கையின் வளைவில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் எந்த நினைவிலும் தங்காது.

முதல் வேலை: கோட்டுருவம்

ஒரு கையை மட்டும் விரித்து, அதன் வெளிப்பக்கம் தாளில் படும்படி வைத்து, மேல் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் வரையுங்கள். பென்சில் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் கோடு ஏமாற்றிவிடும். கீல் திருகின் மையத்தில் ஒரு புள்ளி, கை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, நுனியில் ஒரு புள்ளி. அடுத்த கண்ணாடியின் கையை அதே கீல் புள்ளியில் பொருத்தி வேறு நிறத்தில் வரையுங்கள். இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன என்பதைப் பார்த்தாலே பாதி ஒப்பீடு முடிந்துவிடும்.

பிறகு கண்ணாடியைப் பலகையில் நிறுத்தி, மேலிருந்து பார்த்து இன்னொரு கோட்டுருவம். இதைப் பலர் செய்வதில்லை. கை தலையைச் சுற்றி உள்நோக்கி எவ்வளவு வளைகிறது என்பது பக்கவாட்டில் தெரியாது. விளையாட்டுக் கண்ணாடிகளில் எல்லாமே இந்த இரண்டாவது கோட்டில்தான் இருக்கிறது.

வரைந்ததை வகைப்படுத்துவது எளிது. காதுக்குப் பின்னால் மட்டையாக இறங்கி மண்டையோட்டை ஒட்டி நிற்பது ஸ்கல் வகை. நாம் அன்றாடம் காணும் பெரும்பாலான கண்ணாடிகள் இதுதான். கிட்டத்தட்ட வளைவே இல்லாமல் நேராகப் போவது லைப்ரரி வகை, சட்டென்று கழற்றி மாட்டத் தோதானது. காதைச் சுற்றிக் கொக்கிபோல் முழுதாக வளையும் மெல்லிய சுருள்கம்பி கேபிள் வகை. தட்டையாக, நேராக, நுனி மட்டும் லேசாக உள்நோக்கி இருப்பது பயோனெட். ஐந்தாவதாக, வளைவையே நம்பாமல் பக்கவாட்டு அழுத்தத்தை நம்பும் விளையாட்டுக் கைகள்.

எண்களைப் படியுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

கையின் உட்புறம் 135, 140, 145 என்று பொறித்திருப்பது கையின் நீளம், மில்லிமீட்டரில். கீல் திருகிலிருந்து வளைவின் போக்கிலேயே நுனிவரை அளந்த நீளம் அது. நேர்கோட்டில் அளந்தால் குறைவாகத்தான் வரும், அதை வைத்துக்கொண்டு விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு நூலை வளைவின்மேல் ஓடவிட்டு, பிறகு அளவுகோலில் நீட்டிப் பாருங்கள்.

பழைய அமெரிக்கக் கண்ணாடிகளில் அங்குலக் கணக்கு வரும். 5½ என்றால் 139.7 மி.மீ., அதாவது இன்றைய 140. 5¾ என்றால் 146, இன்றைய 145-க்குப் பக்கம். ஒரே மாதிரியில் ஒரு கண்ணாடியில் அங்குலமும் இன்னொன்றில் மில்லிமீட்டரும் இருந்தால், இரண்டும் ஒரே காலத்தவை, ஒரே சந்தைக்குச் செய்தவை என்று சொல்லத் தயங்க வேண்டும்.

மொத்த நீளத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது கீலிலிருந்து வளைவுப் புள்ளிவரை உள்ள தூரம். இரண்டு கைகளிலும் 140 என்று இருக்கலாம். ஒன்று 95-இல் வளையும், மற்றொன்று 105-இல் வளையும். அணிந்தால் முதலாவது காதை இழுக்கும், இரண்டாவது மூக்கில் வழுக்கும். முந்தைய உரிமையாளர் தன் காதுக்கேற்ப வளைத்திருப்பதும் உண்டு. பிளாஸ்டிக் கையில் பிறவி வளைவுக்கு முன்போ பின்போ மெல்லிய அலை தெரிந்தால், அது பின்னால் யாரோ வளைத்தது.

கீல்: இங்கே நின்று நிதானியுங்கள்

கீலைப் பக்கவாட்டில் லூப் வைத்துப் பார்த்து, ஒன்றோடொன்று கோத்த வளையங்களை எண்ணுங்கள். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்றால் மூன்று வளையக் கீல். மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து, நான்கும் மூன்றும் சேர்ந்தால் ஏழு. வளையங்கள் கூடக்கூட உராயும் பரப்பு கூடும். கை திறந்து மூடும்போது அந்த இறுக்கமான, எண்ணெய் தடவியதுபோன்ற நகர்வு வரும். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தடித்த கைகளில் ஏழு வளையக் கீலை வைப்பதற்குக் காரணம் அந்தக் கையின் கனம்தான்.

அடுத்தது, கீல் பிரேமில் எப்படிப் பிடித்திருக்கிறது என்பது. பழைய முறையில் ரிவெட் என்ற தறையாணி முன்சட்டத்தையும் கையையும் ஊடுருவி வெளியே தலை காட்டும். பின்னாளில் கீலைச் சூடாக்கி அசிடேட்டுக்குள் அமுக்கிப் புதைத்தார்கள். அப்போது வெளியே தெரியும் உலோகப் பொட்டு வெறும் அலங்காரம். உண்மையான ரிவெட் என்றால் வெளிப்புறப் பொட்டுக்கு நேர் பின்னால், கீல் தகட்டில் அதன் மறுமுனை நசுக்கப்பட்டிருப்பது தெரியும். உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே மட்டும் பொட்டு இருந்தால் புதைத்த கீல். இதில் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று விற்கப்படும் கண்ணாடியில் அலங்காரப் பொட்டைக் கண்டால் கேள்வி கேட்பேன்.

திருகின் தலையையும் விடாதீர்கள். இடது வலது இரண்டிலும் ஒரே வகைத் தலை, ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும். வலது கீல் சற்று அதிகமாகத் தளர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் வலது கையால் ஒருபக்கமாக இழுத்துத்தான் கண்ணாடியைக் கழற்றுகிறோம்.

பிறகு கவிழ்த்து வைக்கும் சோதனை. கைகளை விரித்து, பலகையில் தலைகீழாக வையுங்கள். முன்சட்டத்தின் இரண்டு மேல் ஓரங்களும் இரண்டு கைகளின் மேல்விளிம்புகளும் பலகையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கினால், கை முறுக்கியிருக்கிறது அல்லது பிறந்த வீடு வேறு. என் பைலட் கண்ணாடியைக் காட்டிக்கொடுத்தது இந்தச் சோதனைதான்.

உள்ளே என்ன இருக்கிறது

அசிடேட் கையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் உலோகக் கம்பி ஓடுவது தெரியும். கருப்புக் கையில் தெரியாது, அங்கேதான் காந்தம் கைகொடுக்கும். நிக்கல் சில்வர் கம்பியைக் காந்தம் இழுக்காது. பெயரில் வெள்ளி இருந்தாலும் அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கலவை. அந்தச் செம்புதான் பழைய கண்ணாடிகளின் கீல் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பிடிப்பதற்குக் காரணம். துடைத்தால் போய்விடும், ஆனால் கம்பிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே உள்ளே பூத்தது போகாது. வாங்கும் முன் கம்பி நெடுகப் பச்சைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

உலோகக் கைகளுக்குத் தராசு உதவும். நிக்கல் சில்வரின் அடர்த்தி டைட்டானியத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரே பருமனுள்ள இரண்டு கைகளில் ஒன்று பாதி எடைதான் இருக்கிறது என்றால் அது என்ன உலோகம் என்று ஊகிப்பது கடினமில்லை.

மோப்பமும் ஒரு கருவிதான். கையைத் துணியால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாயிட் என்ற பழைய பிளாஸ்டிக். எளிதில் தீப்பிடிக்கும் பொருள், சூட்டருகே கொண்டுபோகவே கூடாது. புளித்த காடி வாடை வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது; அதை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் மூடி வைக்காதீர்கள். 1960-களில் அறிமுகமான ஆப்டில் என்ற பிளாஸ்டிக் தனி ரகம். கரேரா நிறுவனத்தின் பழைய கண்ணாடிகளில் நிறைய வரும். வளைந்துபோன ஆப்டில் கையை இதமாகச் சூடாக்கினால் வார்த்தபோது இருந்த வடிவத்துக்கு அதுவே திரும்பிவிடும். இந்த வித்தையைக் கேட்டறிந்த உற்சாகத்தில் ஓர் அசிடேட் கையை ஹேர் டிரையர் முன்னால் அதிக நேரம் பிடித்தேன். வடிவம் திரும்பவில்லை, அசிடேட்டின் மேற்பரப்பில் கொப்புளம் எழும்பியதுதான் மிச்சம். பொருள் எதுவென்று உறுதியாகத் தெரியாதவரை சூடு வேண்டாம்.

உண்மையான ஆமையோட்டில் செய்த கைகளும் சந்தைக்கு வருவதுண்டு. அதற்குப் பயன்பட்ட அழுங்காமை ஓட்டின் சர்வதேச வாணிபம் தடை செய்யப்பட்டது. எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடுவதில்லை.

பொறிப்புகள்

உலோகக் கையில் 1/10 12கே ஜி.எஃப். (கோல்டு ஃபில்டு) என்று இருந்தால், உலோகத்தின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கப் படலம் என்று பொருள். 12 காரட்டில் பாதிதான் தங்கம். ஆக மொத்த எடையில் ஐந்து சதவீதம். கேட்கக் குறைவாக இருந்தாலும் மின்முலாம் பூசியதைவிடப் படலம் தடிமனானது. பல பத்தாண்டு வியர்வைக்குப் பிறகும் கீல் பக்கத்தில் தங்க நிறம் நிற்கிறது என்றால் அதனால்தான். முன்சட்டத்தில் இந்தப் பொறிப்பு இருந்து கையில் இல்லையென்றாலோ, இரண்டின் நிறமும் ஒத்துப்போகவில்லையென்றாலோ, கை பின்னால் வந்து சேர்ந்ததா என்று சந்தேகிக்கலாம்.

நாட்டின் பெயரும் காலம் சொல்லும். மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் அது 1990-க்கு முன்பு செய்தது. ரே-பான் 1999-இல் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்திடமிருந்து இத்தாலிய நிறுவனமான லக்சோட்டிக்காவுக்குப் போனது. ரே-பானின் வேஃபேரர் மாதிரியில் கையின் உட்புறம் பி அண்ட் எல் என்ற எழுத்துகளும் அமெரிக்கப் பெயரும் இருந்தால் பழைய நிர்வாகத்தின் காலம், இத்தாலி என்று இருந்தால் புதியது. எழுத்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் லூப்பில் பாருங்கள். அமுக்கிப் பொறித்த எழுத்தின் ஓரம் உருண்டு இறங்கும். மேலே அச்சடித்த எழுத்து நகத்தில் தட்டுப்படும், தேய்ந்தால் துண்டு துண்டாக உதிரும்.

மூன்று குடும்பங்களை அருகருகே வைத்தால்

முதலில் பைலட் கண்ணாடிகள். ரே-பான் ஏவியேட்டர் 1937-இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஷூட்டர், அவுட்டோர்ஸ்மேன் என்ற அதன் மாதிரிகளும் வந்தன. வேட்டைக்காரர்களையும் மீன்பிடிப்பவர்களையும் மனதில் வைத்துச் செய்த இவற்றில் கேபிள் கை அடிக்கடி வரும். குனிந்தாலும் ஓடினாலும் காதை விட்டுக் கழலாது. ஆனால் கழற்றி மாட்ட இரண்டு கையும் வேண்டும், நாள் முழுக்கப் போட்டால் காதின் பின்பக்கம் சிவந்துவிடும். இதோடு அமெரிக்கன் ஆப்டிக்கல் நிறுவனம் அமெரிக்க விமானப்படைக்காக 1958-இல் செய்த பைலட் கண்ணாடியை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பயோனெட் கை, தலைக்கவசத்தைக் கழற்றாமலே காதுக்கு மேலே செருகும்படி அமைந்தது. இரண்டுமே வானத்தோடு தொடர்புடைய பிரேம்கள், ஆனால் ஒன்றின் கை கழலாமலிருக்கவும் மற்றதன் கை நொடியில் கழலவும் செய்தவை. பயோனெட் கையைக் காதுக்குப் பின்னால் வளைத்து வைத்திருக்கும் பழைய கண்ணாடிகள் நிறையக் கிடைக்கின்றன. வழுக்குகிறது என்று யாரோ வளைத்திருப்பார்கள். சேகரிப்பாளர் கண்ணில் அது குறைதான், நிமிர்த்தினாலும் தழும்பு நிற்கும்.

இரண்டாவது பெர்சோல். 1917-இல் டூரினில் ஜூசெப்பே ரத்தி தொடங்கிய நிறுவனம். வாள்முனையிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் அதன் கீலருகே உள்ள வெள்ளி அம்பைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அதற்குப் பின்னால், கையின் நடுவே தெரியும் சிறு வெட்டுகளை. 1930-களின் இறுதியில் வந்த மெஃப்ளெக்டோ என்ற அமைப்பு அது. உள்ளே ஓடும் எஃகுக் கம்பியின்மேல் சிறு உருளைகள் கோத்திருக்கும், அதனால் கை அந்த இடத்தில் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும். ஒப்பிடும்போது கையை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். வெட்டுகள் சீராக விரிந்து, விட்டதும் சீராக மூட வேண்டும். ஒன்று மட்டும் விரிந்தே நின்றால் கம்பி சோர்ந்துவிட்டது. 1957-இல் டூரின் டிராம் ஓட்டுநர்களுக்காக வந்த 649-ஐயும், அதிலிருந்து பிறந்த மடக்குக் கண்ணாடியான 714-ஐயும் அருகருகே வைத்தால் இன்னொன்று புரியும். 714-இன் கையில் நடுவிலும் ஒரு கீல் உண்டு. ஆக, ஒரு கைக்கு இரண்டு கீல்கள், தளர்வதற்கு இரண்டு இடங்கள். மடங்குவது அழகுதான், ஆனால் நாலு கீலையும் ஆட்டிப் பார்க்காமல் 714-க்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது ஓக்லி. ஜிம் ஜனார்ட் 1975-இல் தொடங்கியபோது விற்றது மோட்டார் பைக் கைப்பிடி உறை. ஈரம் பட்டால் பிடிமானம் கூடும் அந்த ரப்பர்தான் பிறகு கண்ணாடியின் மூக்குக்கும் கை நுனிக்கும் வந்தது. இந்தக் கைகள் காதில் தொங்குவதில்லை. மூக்கில் ஓரிடம், தலையின் இரு பக்கங்களில் ஓரோரிடம் என மூன்று இடங்களில் பிடித்து நிற்கின்றன. ஆகவே வளைவுப் புள்ளியை அளப்பது இங்கே வீண். மேலிருந்து வரைந்த கோட்டுருவத்தை எடுத்து, இரண்டு நுனிகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து ஒப்பிடுங்கள். பல வருடம் காருக்குள் வெந்த பிரேமில் இந்த இடைவெளி விரிந்திருக்கும்.

எம் ஃப்ரேம் வகையில் கை திருகில்லாமல் சொடுக்கிக் கழன்றுவரும். உடைந்தால் மாற்றுவது எளிது, ஆனால் அதனாலேயே இந்த நிறக்கை இந்தப் பிரேமோடுதான் பிறந்தது என்று யாராலும் எளிதில் நிரூபிக்க முடியாது. நிறச்சேர்க்கைக்காகக் கூடுதல் விலை கேட்டால் நான் கொடுப்பதில்லை. இதற்கு நேர் எதிர் எக்ஸ் மெட்டல் வரிசை: 1997-இல் ரோமியோ, 1999-இல் ஜூலியட். கனத்த உலோகக் கை, நுனியில் ரப்பர் உறை. உலோகம் பிழைத்திருக்கும், ரப்பர் பிசுபிசுத்தோ இறுகியோ போயிருக்கும். வேறு யாரோ பின்னால் செய்த ரப்பர் உறை போட்டிருப்பது சாதாரணம், குற்றமும் இல்லை. மறைத்து விற்றால்தான் குற்றம். 2000-இல் வந்த ஓவர் த டாப்பில் காதுக்குப் போகும் கையே கிடையாது. தலைக்கு மேலாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். சிட்னி ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர் ஆட்டோ போல்டன் அணிந்தது அது. இந்த வழிகாட்டியின் எந்த அளவும் அதற்குப் பொருந்தாது என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

அணிந்து பார்ப்பது கடைசியில்

அளவெல்லாம் எடுத்த பிறகுதான் அணிய வேண்டும். முதலிலேயே அணிந்தால் நிலைக்கண்ணாடியில் முகம் நன்றாகத் தெரியும், அப்புறம் எந்தக் குறையும் கண்ணில் படாது. பத்து நிமிடம் போட்டுக் கழற்றி, நெற்றிப்பொட்டுப் பகுதியிலும் காதின் பின்னும் சிவந்த தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இரு பக்கமும் ஒரே உயரத்தில் விழ வேண்டும். பழைய உலோகக் கையையோ செல்லுலாயிடையோ அகட்டி விரித்துத் தலையில் திணிக்காதீர்கள். உங்கள் தலை அகலமென்றால் அந்தக் கண்ணாடி அலமாரிக்குத்தான்.

குறித்து வையுங்கள்

ஒரு கண்ணாடிக்கு ஒரு தாள். இரண்டு கோட்டுருவங்களும் அதிலேயே இருக்கட்டும். இடது, வலது என்று இரண்டு பத்தி போட்டு நீளம், வளைவுப் புள்ளி, கீல் வளைய எண்ணிக்கை, பொறிப்பு, எடை, நுனியின் நிலை எல்லாவற்றையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு பத்தியோடு விட்டுவிடாதீர்கள். என் தாள்கட்டின் முதல் தாள் அந்தப் பைலட் கண்ணாடிக்கானது. இடது 135, வலது 140 என்று எழுதி, கீழே பென்சிலில் ‘வலது 135 தேவை’ என்று குறித்திருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.